மாட்டர்ஹோர்ன் மலைக்கு ஏன் இத்தனை பெயர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய சாக்லேட் உறை, கடிகார விளம்பரம், ஸ்விஸ் சுற்றுலாப் படம் என்று எங்கே பார்த்தாலும் கண்ணில் படுகிற, கழுத்தைச் சற்றே சாய்த்து நிற்பது போன்ற அந்தக் கூர்மலையைப் பற்றிய பக்கம் இது. எப்படி ஏறுவது, எங்கே தங்குவது போன்ற விவரங்கள் இங்கே கொஞ்சம்தான். பெயரைப் பற்றித்தான் அதிகம். அந்த மலையின் சுவாரசியமான கதை அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இந்த மலை எந்த நாட்டுக்குச் சொந்தம்?

இரண்டு நாட்டுக்கும். சுவிட்சர்லாந்து, இத்தாலி எல்லைக்கோடு மலையின் உச்சி வழியாகவே போகிறது. வடக்கே வாலிஸ் மாநிலத்தில் செர்மாட் ஊர். தெற்கே இத்தாலியின் ஆவோஸ்தா பள்ளத்தாக்கில் ப்ரெய்-செர்வீனியா ஊர். உயரம் 4478 மீட்டர். உச்சி என்பது ஒரு முனை அல்ல, குறுகலாக நீளும் ஒரு முகடு. அதன் கிழக்கு முனையைச் ஸ்விஸ் உச்சி என்றும், சற்றே தாழ்ந்த மேற்கு முனையை இத்தாலிய உச்சி என்றும் சொல்கிறார்கள்.

எல்லை அங்கே போவதற்குக் காரணம் தண்ணீர். வடபக்கம் உருகும் பனி ரோன் ஆற்றுக்குப் போகிறது. தென்பக்கத்து நீர் போ ஆற்றில் கலந்து ஏட்ரியாட்டிக் கடலை அடைகிறது. நீர் பிரியும் முகடே நாடும் பிரியும் இடம்.

மாட்டர்ஹோர்ன் என்றால் என்ன அர்த்தம்?

இரண்டு ஜெர்மன் சொற்கள். 'மாட்டெ' என்றால் புல்வெளி. 'ஹோர்ன்' என்றால் கொம்பு. மலை உச்சிக்கும் அதுவே சொல்.

ஆனால் 'புல்வெளிக் கொம்பு' என்று நேரே பெயர்த்துவிட்டால் நடுவில் ஓர் ஊர் விட்டுப்போகும். மலையடிவாரத்து ஊரான செர்மாட்டின் பெயர் 'ட்ஸுர் மாட்டெ' என்ற தொடரிலிருந்து வந்தது. 'புல்வெளிக்கு', 'புல்வெளியருகே' என்று பொருள். பழைய வழக்கில் அந்த ஊர் வெறும் 'மாட்'. மதுரை மதுரைக்காரர் ஆவது போல, ஜெர்மனில் ஊர்ப்பெயரோடு 'அர்' சேர்த்தால் அந்த ஊருக்கு உரியது என்றாகும். ஆகவே மாட்டர்ஹோர்ன் என்பது 'மாட் ஊர்க் கொம்பு'. அந்தப் பள்ளத்தாக்குக்கே மாட்டர்டால் என்றுதான் பெயர்.

புல் முளைக்காத ஒரு பாறைக்குப் புல்லின் பெயர் வந்தது இப்படித்தான். பெயர் வைத்தவர்கள் கீழே நின்றார்கள். மாடு மேய்க்க, புல் அறுக்க, வீடு கட்ட அவர்களுக்குத் தேவைப்பட்டது புல்வெளி. மேலே இருந்த பாறையால் ஒரு பயனும் இல்லை. அதனால் பெயர் முதலில் புல்வெளிக்கு வந்தது, அங்கிருந்து ஊருக்குப் போனது, கடைசியில்தான் மலைக்கு ஏறியது.

தமிழ்க் காதுக்கு 'மாட்டுக்கொம்பு' என்று கேட்கிறதே! ஏதாவது தொடர்பு உண்டா?

ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் இந்தத் தவறை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒலி ஒத்துப்போகிறது, பொருளும் பொருந்துகிற மாதிரி இருக்கிறது என்பதற்காக ஒரு விலங்கைப் பெயருக்குள் கொண்டுவந்து கட்டினால் என்ன ஆகும் என்று கீழே ஒரு கதை வருகிறது. அதில் மாட்டுக்குப் பதில் மான்.

கொம்பையும் மலையையும் ஒரே சொல்லால் சொல்வது ஜெர்மனில் மட்டும்தானா?

இந்தக் கேள்விக்குத் தமிழிலேயே நல்ல விடை இருக்கிறது. பழந்தமிழில் 'கோடு' என்ற சொல்லுக்கு விலங்கின் கொம்பு, யானைத் தந்தம், மரக்கிளை, மலைச்சிகரம் என்று எல்லாப் பொருளும் உண்டு. திருச்செங்கோடு என்ற பெயரில் இருப்பது மலையைக் குறிக்கும் அந்தக் கோடுதான். எனவே செர்மாட்டுக்காரர் 'ஹோர்ன்' என்பதும் நம் முன்னோர் 'கோடு' என்றதும் ஒரே பார்வை. இரண்டு மொழிக்கும் உறவு கிடையாது. மலையின் நுனியையும் விலங்கின் தலையையும் பார்த்த கண்கள் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

கோடு என்றால் எல்லைக்கோடும்தான் என்பதை இங்கே நினைத்துப்பார்த்தால், இந்த மலைக்கு அதைவிடப் பொருத்தமான தமிழ்ச் சொல் கிடைக்காது.

ஆல்ப்ஸில் ஹோர்ன் என்று முடியும் மலைகள் ஏராளம். செர்மாட்டைச் சுற்றியே வைஸ்ஹோர்ன் (வெள்ளைக் கொம்பு), பிரைட்ஹோர்ன் (அகலக் கொம்பு) எல்லாம் உண்டு. நிலவியலிலும் இது கலைச்சொல்லாகிவிட்டது. ஒரு மலையின் மூன்று நான்கு பக்கங்களிலும் பனியாறுகள் குடைந்து குடைந்து, நடுவில் பிரமிடு போல மிஞ்சும் சிகரத்துக்கு 'ஹார்ன்' என்று பெயர். பள்ளிப் புவியியல் பாடத்தில் சர்க், அரெட்டு என்று மனப்பாடம் செய்தோமே, அந்தப் பட்டியலில் அடுத்து வருவது இதுதான்.

செர்மாட் என்பது அந்த ஊரின் ஆதிப் பெயரா?

இல்லை. பழைய ஆவணங்களில் 13ஆம் நூற்றாண்டிலேயே 'பிராத்தோ போர்னோ' என்ற பெயர் கிடைக்கிறது. மலைக்குத் தெற்கேயும் மேற்கேயும் பிரெஞ்சு சார்ந்த மொழி பேசியவர்கள் 19ஆம் நூற்றாண்டுவரைக்கும் அந்த ஊரை 'பிராபோர்ன்' என்றே சொல்லிவந்தார்கள். 'மாட்' என்ற பெயர் வரைபடத்தில் தென்படுவது 1495இல்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் என்னவென்றால், 'பிராத்தோ' என்றாலும் புல்வெளிதான். மொழி மாறியும் புல்வெளி மாறவில்லை.

சரி, இத்தாலிக்காரர்கள் ஏன் செர்வீனோ என்கிறார்கள்? அதற்கு மான் மலை என்று பொருளாமே?

மான் என்பது நன்றாகப் பரவிவிட்ட ஒரு தப்பு. இத்தாலியனில் 'செர்வோ' என்றால் கலைமான். பிரெஞ்சில் 'செர்'. மலையின் பிரெஞ்சுப் பெயர் 'செர்வேன்', இத்தாலியப் பெயர் 'செர்வீனோ'. கொம்பு மாதிரி மலை, கொம்புள்ள மான், பக்கத்து நாட்டு மொழியில் கொம்பு என்றே பெயர். இவ்வளவு அழகாகப் பொருந்தினால் யார்தான் நம்ப மாட்டார்கள்?

ஆனால் பெயரின் பழைய வடிவங்களைப் பார்த்தால் மான் ஓடிவிடும். லத்தீனில் எழுதிய பழைய அறிஞர்கள் இதை 'மோன்ஸ் சில்வியுஸ்' என்றோ 'மோன்ஸ் சில்வானுஸ்' என்றோ எழுதினார்கள். 'சில்வா' என்றால் காடு. அது பேச்சில் 'செல்வின்' ஆகி, அப்புறம் 'செர்வின்' ஆனது என்பது பொதுவாக ஏற்கப்படும் விளக்கம்.

ல் எப்படி ர் ஆகும் என்று கேட்டால், தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதே இல்லை. பந்தல் பந்தர் ஆகும், சாம்பல் சாம்பர் ஆகும், குடல் குடர் ஆகும். நாம் அதைப் போலி என்று இலக்கணத்தில் படிக்கிறோம். நாக்கு எல்லா ஊரிலும் நாக்குதானே.

அப்புறம் மான் எங்கிருந்து நுழைந்தது?

எழுத்து வழியாக. பிரெஞ்சில் 'செ' என்ற ஒலியை எஸ் போட்டும் எழுதலாம், சி போட்டும் எழுதலாம். காதுக்கு இரண்டும் ஒன்றே. எஸ் போட்டு எழுதப்பட்டுவந்த பெயரைச் சி போட்டு எழுதியவர் என்று சொல்லப்படுபவர் ஜெனீவா நகரத்து அறிஞர் ஓராஸ் பெனடிக்ட் தெ சசூர். மோன் பிளாங் மலையில் ஏறியே தீரவேண்டும் என்று பரிசு அறிவித்து, 1787இல் தானும் ஏறிக் காட்டிய அதே சசூர். 1792இல் மாட்டர்ஹோர்னுக்கு அருகிலுள்ள தியோடுல் கணவாயில் தங்கி, கருவிகளை வைத்து மலையின் உயரத்தைக் கணக்கிட்டார். அவருக்குக் கிடைத்த விடை சுமார் 4500 மீட்டர். இன்றைய அளவோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 20 மீட்டர்தான் பிசகு. உயரத்தில் அவ்வளவு நெருங்கியவர் பெயரில் கோட்டைவிட்டார். 'செர்' என்ற மானோடு தொடர்புடைய பெயர் என்று நினைத்து எழுத்தை மாற்றினாராம்.

எழுத்து மாறியதால் பிரெஞ்சுக்காரர் வாயில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் இத்தாலியன் அப்படிப்பட்ட மொழி அல்ல. அங்கே சி என்ற எழுத்துக்குப் பின் எ வந்தால் 'அச்சம்' என்பதில் வருகிற வல்லின ஒலி. ஆக, ஓர் எழுத்துப் பிழை மலையைக் கடந்து தெற்கே போனபோது உச்சரிப்பாகவே ஆகிவிட்டது. தமிழில் எழுதும்போது இந்த வேறுபாடு தெரியாது, ஏனென்றால் நமக்கு இரண்டுக்கும் ஒரே ச. செர்வேன் என்பதைச் 'சட்டை' என்று மெதுவாகச் சொல்கிற மாதிரியும், செர்வீனோ என்பதை 'அச்சம்' என்று அழுத்துகிற மாதிரியும் படித்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சொல்லுக்கும் பொருளுக்கும் இயற்கையான பிணைப்பு எதுவும் இல்லை என்று சொல்லி நவீன மொழியியலுக்கு அடித்தளம் போட்ட ஃபெர்டினாண்ட் தெ சசூர், இவருடைய கொள்ளுப்பேரன். கொள்ளுத்தாத்தா பெயருக்குள் மானைக் கட்டினார். கொள்ளுப்பேரன் எல்லா மான்களையும் அவிழ்த்துவிட்டார்.

சில்வியுஸ் என்பவர் ரோமானியத் தளபதி என்று சிலர் சொல்கிறார்களே?

அதுவும் ஒரு பழைய விளக்கம்தான். ஆல்ப்ஸைப் பற்றி 1574இல் லத்தீனில் நூல் எழுதிய சூரிச் அறிஞர் யோசியாஸ் சிம்லர், சில்வியுஸ் என்பது ஒரு ரோமானியத் தலைவனின் பெயராக இருக்கலாம் என்று ஊகித்தார். பிற்காலத்தில் வந்தவர்கள் அதை இன்னும் நீட்டி, அவர் சீசரின் படைத்தலைவர் செர்வியுஸ் கால்பாதான் என்றார்கள். கால்பா உண்மையான ஆள். ஆல்ப்ஸ் கணவாய்களைத் திறந்துவிடும்படி சீசர் அவரை அனுப்பினார், கி.மு. 57இல் இன்றைய மார்த்தினி ஊர் இருக்கும் இடத்தில் முகாம் போட்டார். அங்கே மலைவாழ் மக்கள் சூழ்ந்து தாக்க, அவர்களை விரட்டிவிட்டு, ஊரைக் கொளுத்திவிட்டுப் பின்வாங்கினார். இவ்வளவும் வரலாறு. மாட்டர்ஹோர்னுக்கு அவர் பெயரை வைத்தார்கள் என்பதற்கு மட்டும் சான்று கிடையாது. பின்வாங்கிப் போனவரின் பெயரை மலைக்கு வைக்க யாருக்குத் தோன்றியிருக்கும் என்றும் கேட்டுப்பார்க்கலாம். எனக்கு இது 'காடு' என்ற விளக்கத்தைவிடப் பலவீனமாகத்தான் படுகிறது.

மரமே இல்லாத பாறைக்குக் காட்டின் பெயர் மட்டும் பொருந்துமா?

நியாயமான கேள்வி. விடை மலையில் இல்லை, பக்கத்துக் கணவாயில் இருக்கிறது.

மாட்டர்ஹோர்னுக்குக் கிழக்கே சுமார் 3300 மீட்டர் உயரத்தில் தியோடுல் கணவாய். வாலிஸ் பக்கத்தின் முதல் பிஷப்பாகப் போற்றப்படும் தியோடுல் என்ற புனிதரின் பெயர் அது. பனியாற்றின் மேல் நடந்துதான் கடக்கவேண்டும்; இருந்தாலும் ரோமானியர் காலத்திலிருந்தே ஆட்கள் கடந்திருக்கிறார்கள், அவர்கள் விட்டுப்போன நாணயங்கள் அங்கே கிடைத்திருக்கின்றன. 1600 வாக்கில் இந்த வழியில் போன ஒருவர் பனிப்பிளவில் விழுந்து இறந்தார். 1980களில் பனி உருக உருக, அவருடைய எலும்புகளும் வாள், கைத்துப்பாக்கி, நாணயங்களும் வெளியே வந்தன.

பழைய எழுத்தாளர்கள் 'மோன்ஸ் சில்வியுஸ்' என்று எழுதியபோது பெரும்பாலும் இந்தக் கணவாயையும் அதைச் சுற்றிய மலைப்பகுதியையும்தான் சொன்னார்கள், தனி ஒரு சிகரத்தை அல்ல. அந்தக் காலத்தில் 'மலை' என்றாலே கடந்துபோகிற இடம் என்று பொருள். பயணி போகிற பாதை காட்டு வழியாக ஏறிக் கணவாய்க்குப் போனது. காட்டின் பெயர் பாதைக்குப் பொருந்தும். சிகரத்தைப் பார்த்து ரசிக்கும் வழக்கம் வந்த பிறகு, கணவாயின் பெயர் அதற்குப் பக்கத்தில் உயர்ந்து நின்ற பாறைக்கு மாறிக்கொண்டது.

வடபக்கத்திலும் இதே கதைதான். 16ஆம் நூற்றாண்டு ஜெர்மன் எழுத்துகளில் 'ஆக்ஸ்ட்டால்பெர்க்' என்று ஒரு பெயர் வருகிறது. ஆக்ஸ்ட்டால் என்பது ஆவோஸ்தா பள்ளத்தாக்குக்கு ஜெர்மன் பெயர். அதாவது 'ஆவோஸ்தாவுக்குப் போகிற மலை'. ஆக, ஒரு பக்கத்தில் புல்வெளி, மறுபக்கத்தில் காட்டுப்பாதை. உச்சியைப் பார்த்து யாரும் பெயர் வைக்கவே இல்லை.

உள்ளூர்க்காரர்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்?

செர்மாட்டின் வட்டார ஜெர்மனில் 'ஹோரு'. வெறும் 'கொம்பு'. எந்தக் கொம்பு என்று சொல்லத் தேவையில்லை.

தெற்கே வால்தூர்னான்ஷ் பள்ளத்தாக்கில் இத்தாலியனும் பிரெஞ்சும் மட்டுமல்லாமல், பிராங்கோ-புரோவான்சால் என்ற வட்டார மொழியும் உண்டு. அதில் 'கிரான் பெக்கா'. 'பெக்கா' என்றால் அலகு போன்ற கூர்முனை, சிகரம். 'பெரிய சிகரம்' என்பதோடு பேச்சு முடிந்தது.

திருவண்ணாமலையில் 'மலை சுற்றப் போகிறேன்' என்றால் எந்த மலை என்று யாரும் கேட்பதில்லை அல்லவா, அதுபோலத்தான். மாட்டர்ஹோர்ன், செர்வீனோ எல்லாம் வெளியூருக்குச் சொல்லும் பெயர்கள்.

மூன்று மொழியில் பெயர் இருக்க, ஜெர்மன் பெயர் மட்டும் உலகம் முழுக்க எப்படிப் பரவியது?

1865 ஜூலை 14தான் முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன். அதற்கு முன்பு ஆங்கிலேயப் பயணிகளில் பலரும் பிரெஞ்சுப் பெயரைத்தான் எழுதிவந்தார்கள்.

எட்வர்ட் விம்பர் என்ற 25 வயது ஆங்கிலேய ஓவியர், மரச்செதுக்குப் படங்கள் செய்பவர், பல வருடமாக இத்தாலியப் பக்கத்திலிருந்து ஏறப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தார். அவர் நம்பியிருந்த வால்தூர்னான்ஷ் வழிகாட்டி ழான் அந்துவான் கரெல், அந்த ஜூலையில் இத்தாலியக் குழுவோடு போய்விட்டார். இத்தாலி ஒரே நாடானது 1861இல். அதன் மலையேற்றச் சங்கம் தொடங்கியது 1863இல். முதலில் நம் ஆள் ஏறவேண்டும் என்ற வேகம் அங்கே இருந்தது. கோபத்தோடு விம்பர் கணவாயைத் தாண்டிச் செர்மாட்டுக்குப் போனார். கிடைத்தவர்களைச் சேர்த்துக்கொண்டு ஏழு பேராக வடகிழக்கு முகட்டு வழியே ஏறி, முதலில் உச்சியைத் தொட்டார். கீழே இத்தாலிய முகட்டில் கரெல் குழுவினர் புள்ளிகளாகத் தெரிந்தார்கள். கவனத்தை ஈர்க்கக் கற்களை உருட்டிவிட்டார்களாம். பார்த்த கரெல் திரும்பிவிட்டார்.

இறங்கும்போது அனுபவம் குறைந்த ஹேடோ என்ற இளைஞர் சறுக்கினார். அவரோடு ஒரே கயிற்றில் கட்டியிருந்த வழிகாட்டி மிஷேல் குரோ, பாதிரியார் ஹட்சன், பிரபு பிரான்சிஸ் டக்ளஸ் மூவரும் இழுக்கப்பட்டார்கள். கயிறு அறுந்தது. நால்வரும் வடமுகத்தில் விழுந்து இறந்தார்கள். டக்ளஸின் உடல் கிடைக்கவே இல்லை. விம்பரும் செர்மாட்டின் தாவ்க்வால்டர் தந்தையும் மகனும் மட்டும் திரும்பினார்கள். மூன்று நாள் கழித்து, ஜூலை 17 அன்று, கரெல் இத்தாலியப் பக்கத்திலிருந்து ஏறி முடித்தார்.

சாதனை, சாவு, விசாரணை, கயிற்றை யாராவது வெட்டினார்களா என்ற வதந்தி என எல்லாமே செர்மாட்டிலிருந்துதான் செய்தியாகப் போயின. செய்தியோடு செர்மாட்டின் பெயரும் போனது. கரெல் மூன்று நாள் முந்தியிருந்தால் இன்று நாம் செர்வீனோ என்று பேசிக்கொண்டிருப்போமோ என்னவோ.

இன்னொரு காரணமும் உண்டு. செர்மாட்டிலிருந்து பார்த்தால்தான் அது கொம்பு. இத்தாலியப் பக்கத்திலிருந்து பார்த்தால் அகன்ற தோளோடு கனமாக உட்கார்ந்திருக்கும் ஒரு பாறைக்கோட்டை. படத்தைக் காட்டினால் பலருக்கு அடையாளமே தெரியாது.

மலையின் உறுப்புகளுக்கும் தனித்தனிப் பெயர் இருக்கிறதா?

நான்கு முகடு, நான்கு முகம். விம்பர் ஏறியது ஹோர்ன்லி முகடு. ஜெர்மனில், அதிலும் ஸ்விஸ் வழக்கில், 'லி' சேர்த்தால் எதுவும் சின்னதாகும். ஆகவே 'சின்னக் கொம்பு'. மற்றவை ட்ஸ்முட், ஃபுர்கென், இத்தாலியர் ஏறும் சிங்க முகடு.

சிங்க முகட்டில் 4241 மீட்டரில் ஒரு தோள்முனைக்குப் பெயர் பிக் டின்டால். ஒளிச்சிதறல் பாடத்தில் 'டின்டால் விளைவு' படித்தோமே, அந்த ஜான் டின்டால்தான். 1862இல் அவர் அதுவரை ஏறி, உச்சிக்குச் சற்றுக் கீழே திரும்ப நேர்ந்தது. ஆள் பெயர் இந்த மலையில் ஒட்டிக்கொண்டது, பாருங்கள், உச்சியில் அல்ல, தோளில்.

பக்கத்திலுள்ள மோன்தே ரோசா என்றால் ரோஜா மலையா?

விடியலில் அது இளஞ்சிவப்பாகத் தெரிவதால் எல்லோரும் அப்படித்தான் நம்புகிறார்கள். ஆனால் ஆவோஸ்தா வட்டார மொழியில் பனியாற்றைக் குறிக்கும் 'ரொய்ஸ்' போன்ற ஒரு சொல்லிலிருந்து வந்த பெயர் அது. பனியாற்று மலை. மானுக்கு நடந்ததே ரோஜாவுக்கும் நடந்திருக்கிறது.

அதன் உச்சியான டூஃபூர்ஷ்பிட்சே, 4634 மீட்டர், சுவிட்சர்லாந்தின் மிக உயரமான இடம். நாட்டின் வரைபடத்தை உருவாக்கிய படைத்தளபதி டூஃபூரின் பெயரை 1863இல் அதிகாரபூர்வமாக வைத்தார்கள். வைத்த பெயருக்கும் வந்த பெயருக்கும் உள்ள வித்தியாசம் உடனே தெரிகிறது.

செர்வீனியா ஊர்ப்பெயரில் ஏதோ சண்டை என்று படித்தேன். அது என்ன?

இத்தாலியப் பக்கத்து ஊரின் பழைய பெயர் 'ல ப்ரெய்'. 1930களில், பாசிச ஆட்சியில், ஆவோஸ்தா பள்ளத்தாக்கின் பிரெஞ்சுப் பெயர்களையெல்லாம் இத்தாலியமாக்கினார்கள். அதே காலத்தில் ஊர் பனிச்சறுக்குத் தலமாக வளர, மலையின் பெயரிலிருந்து செர்வீனியா என்ற புதுப்பெயர் பிறந்தது. 2023இல் பழைய பெயரை மட்டும் அதிகாரபூர்வமாக்கும் முயற்சி நடந்தது. உலகத்துக்கே தெரிந்த பெயரை விட்டால் வியாபாரம் என்னாவது என்று விடுதிக்காரர்களும் மற்றவர்களும் எதிர்க்க, ஊராட்சி பின்வாங்கியது. இரு தரப்புக்கும் நியாயம் இருக்கிறது. பிழையில் பிறந்த மான், அரசியலில் பிறந்த ஊர்ப்பெயர். இரண்டும் சேர்ந்து இன்று பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன.

எல்லையே நகர்கிறதாமே?

ஆமாம், ஆனால் மாட்டர்ஹோர்ன் உச்சியில் அல்ல. அங்கே பாறை. தியோடுல் பகுதியில் எல்லை பனியாற்றின் முகட்டு வழியே போகிறது. பனி உருகினால் நீர் பிரியும் கோடு இடம் மாறும். டெஸ்டா கிரிஜா என்ற இடத்தில் 3480 மீட்டர் உயரத்தில் இத்தாலிய மண்ணில் 1984இல் கட்டிய மலைவிடுதி, கோடு நகர்ந்ததில் பெருமளவு ஸ்விஸ் பக்கம் போய்விட்டது. வருடக்கணக்கில் இரு நாடும் பேசி, 2023இல் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஸ்விஸ் அரசு 2024 செப்டம்பரில் ஒப்புதல் தந்தது. வேலி, துப்பாக்கி எதுவும் இல்லாமல் வரைபடத்தில் கோட்டைத் திருத்தும் ஏற்பாடு அது.

டோப்ளரோன் சாக்லேட் உறையிலிருந்து மலையை எடுத்துவிட்டார்களா?

எடுத்துவிட்டார்கள். வளைகுடாவிலிருந்து வரும் மாமாவின் பெட்டியில் நாம் பார்த்த அந்த உறையில் 1970 முதல் இருந்தது மாட்டர்ஹோர்ன். தயாரிப்பின் ஒரு பகுதி சுலோவாக்கியாவுக்குப் போவதால், ஸ்விஸ் அடையாளங்களைப் பயன்படுத்துவதற்கான சட்டப்படி அதை வைத்திருக்க முடியாமல், 2023இல் பொதுவான ஒரு மலைப்படத்துக்கு மாற்றுவதாக அறிவித்தார்கள். மலையில் பாதி இத்தாலியில் இருக்கிறது என்பதை யாரும் அப்போது கிளப்பவில்லை.

உச்சி ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது என்கிறார்களே?

வழிகாட்டிகள் சுவைக்காகச் சொல்வது, ஆனால் வெறும் கதை இல்லை. ஆல்ப்ஸ் உருவானபோது தெற்கிலிருந்து வந்து மோதியது ஏட்ரியாட்டிக் தட்டு. அது ஆப்பிரிக்கத் தட்டோடு தொடர்புடையது. மாட்டர்ஹோர்னின் மேற்பகுதிப் பாறை அந்தத் தெற்குப் பக்கத்திலிருந்து மேலேறி வந்து படிந்தது. அதற்கு அடியில் கிடப்பது இரண்டுக்கும் நடுவே ஒருகாலத்தில் இருந்த கடலின் தரை.

கிளைன் மாட்டர்ஹோர்ன் என்பதும் இதுவும் ஒன்றா?

இல்லை. 'சின்ன மாட்டர்ஹோர்ன்' என்பது சற்றுத் தள்ளியுள்ள 3883 மீட்டர் சிகரம். கேபிள் கார் அங்கேதான் போகிறது. 2023 முதல் அங்கிருந்து இத்தாலியப் பக்கத்துக்கும் கேபிள் கார் இணைப்பு இருப்பதால், கால் நனையாமல் எல்லை கடக்கலாம். 'மாட்டர்ஹோர்ன் உச்சிக்குப் போய்வந்தோம்' என்று யாராவது செருப்புக்காலோடு படம் காட்டினால் அது பெரும்பாலும் இந்த இடம். நிஜ மாட்டர்ஹோர்னில் இதுவரை 500க்கும் மேற்பட்டவர்கள் இறந்திருக்கிறார்கள். கயிறும் பயிற்சியும் வழிகாட்டியும் இல்லாமல் போகிற இடமல்ல அது.

இந்தியக் கொடியை இந்த மலையில் ஏற்றினார்கள் என்பது உண்மையா?

ஏற்றவில்லை, ஒளியால் வரைந்தார்கள். 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின்போது, ஸ்விஸ் ஒளிக்கலைஞர் கெரி ஹோஃப்ஸ்டெட்டர் இரவுதோறும் மலைமீது நாடுகளின் கொடிகளை ஒளிப்படமாக வீசினார். மூவர்ணமும் அதில் வந்தது.

கடைசியாக, தமிழில் எப்படி எழுதுவது சரி?

தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் 'மேட்டர்ஹார்ன்' என்று வரும். அது ஆங்கில உச்சரிப்பைக் கேட்டு எழுதியது. சுவிட்சர்லாந்தில் குடியேறிய ஈழத்தமிழர்கள் பல்லாயிரம் பேர். அவர்கள் ஜெர்மன் ஒலியை நேரே கேட்பவர்கள், ஈழத்து எழுத்து வழக்கப்படி 'மற்றர்ஹோர்ன்' என்று எழுதுவார்கள். ஒலிக்கு நெருக்கமாக இருக்கட்டும் என்று இந்தப் பக்கத்தில் 'மாட்டர்ஹோர்ன்' என்று எழுதியிருக்கிறேன். மூன்றில் எதை எழுதினாலும் புரியும். 'மேட்டர்' என்று மட்டும் வேண்டாமே. ஊர்ப்பேச்சில் அதற்கு ஏற்கெனவே வேறு பொருள் இருக்கிறது.